வலது கையில் கட்டுப் போட்ட மாதம்

எங்கள் ஊர் பால் சொசைட்டியின் செயலாளர் காந்திமதிநாதனிடம் யாரும் ஒரு குறையும் சொல்ல முடியாது, வேகத்தைத் தவிர. அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த பால் வண்டி வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாலும் அவர் நிதானம் மாறாது. பால்மானியைப் பாலில் விட்டு, அது ஆடி அடங்கும்வரை பொறுத்திருந்து, நோட்டில் எழுதி, எழுதியதை வாய்விட்டுப் படித்தும் காட்டுவார்.

போன வருடம் சொசைட்டிக்கு மிசின் வந்தது. கொஞ்சம் பாலை ஊற்றினால் கொழுப்பும் தரமும் திரையில் தெரியும். எடை தானாகக் கம்ப்யூட்டரில் ஏறும். பால் ஊற்றியவர் போனுக்கு உடனே செய்தி போகும். இனி வரிசையே இருக்காது என்று சொல்லிவிட்டுப் போனார்கள் மாட்டியவர்கள்.

வரிசை முன்னைவிட நீண்டது. காந்திமதிநாதன் மிசினிலும் பார்த்தார், பால்மானியிலும் பார்த்தார். கம்ப்யூட்டரில் ஏற்றியதை நோட்டிலும் எழுதினார். இரண்டும் பொருந்தாவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

இரண்டு மாடு வைத்திருக்கும் இசக்கி, பால் ஊற்றிய கையோடு வாழைத்தோட்ட வேலைக்கு வேன் பிடிக்க வேண்டியவள்.

"அண்ணாச்சி, மிசின் வந்த பொறவு ஒரு வேலை ரெண்டு வேலையால்லா ஆயிட்டு. வேன்காரன் என்னைய விட்டுட்டுப் போயிருதான்."

"கரண்டு போயி எல்லாம் அழிஞ்சிட்டுன்னா யாருட்ட போயி கேப்பே? உன் பாலுக்கு நாந்தானே பொறுப்பு."

அவர் அக்கறையாகத்தான் சொன்னார். இசக்கி காலிக் கேனைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு ஓடினாள். ஆனால் சில வீட்டார் பைய டீக்கடைக்கு நேராகவே பால் ஊற்றத் தொடங்கினார்கள்.

ஐப்பசி மழையில் ஆற்றுக்குக் குளிக்கப் போன காந்திமதிநாதன் படித்துறைப் பாசியில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டார்கள். அவர் மனைவி ராஜராஜேஸ்வரி அம்பாசமுத்திரத்தில் பள்ளிக்கூட டீச்சர். ஒரு மாதம் வீட்டில் இருக்கச் சொன்னாள். அவர் கேட்கவில்லை. மறுநாள் விடியும்போது, தூளியில் தொங்கும் கையோடு சொசைட்டியில் உட்கார்ந்திருந்தார்.

இடது கையால் பேனாவைப் பிடித்துப் பார்த்தார். எழுத்து கோழி கிண்டினதுபோல் வந்தது. அடித்துவிட்டு மறுபடி எழுதினார். அதுவும் அப்படியே.

"நோட்டு கெடக்கட்டும் அண்ணாச்சி. போன்ல வருததை நாங்க பாத்துக்கிடுதோம். தப்பா இருந்தா அங்கனயே சொல்லிருதோம்" என்றாள் இசக்கி. பின்னால் நின்றவர்களும் தலையாட்டினார்கள்.

அவர் அரைமனதாக மிசினில் பாலை ஊற்றினார். இடது கை விரலால் பட்டனை அமுக்கினார். அடுத்த கேன் வந்தது. அதற்கடுத்தது வந்தது. திரும்பிப் பார்த்தால் வரிசையைக் காணோம். வழக்கமான நேரத்துக்கு வந்த வண்டி டிரைவர் மகாராஜன் வெறும் வாசலைப் பார்த்து, "இன்னைக்குப் பால் இல்லையா?" என்று கேட்டான்.

"எல்லாம் எடுத்தாச்சு வே" என்றார் காந்திமதிநாதன். அவருக்கே நம்ப முடியவில்லை.

அவர் சீக்கிரமே வீடு திரும்பியதைப் பார்த்து ராஜராஜேஸ்வரி பயந்துவிட்டாள். "என்ன, கை வலிக்கா?"

"வேலை முடிஞ்சிட்டு."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து பள்ளிக்கூட நாளில் இருவரும் சேர்ந்து காலையில் சாப்பிட்டதில்லை. அடுக்களையில் நின்றபடி இரண்டு இட்லியை விழுங்கிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவதே அவளுக்குப் பழக்கம். அன்று இட்லியைப் பிட்டு சாம்பாரில் ஊறவிட்டு அவருக்கு ஸ்பூனோடு கொடுத்தாள். தானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் சாம்பார் நன்றாக இருக்கிறது என்றார். தினமும் இதே சாம்பார்தான் என்றாள் அவள்.

கட்டுப் பிரித்த அன்று அவளே கேட்டாள். "திரும்பவும் நோட்டுல எழுதப் போறியளா?"

"இல்ல. ஆனா எல்லாத்தையும் மிசினே பாத்துக்கிட்டா எனக்கு என்ன வேலை ராஜி? பட்டனை யாரும் அமுக்கலாம்லா."

"டீக்கடைக்கு ஊத்துதவங்க வீட்டுக்கு ஒருதடவ போயிட்டு வாங்களேன். வரிசை இல்லைங்கதே அவங்களுக்குத் தெரியாதுல்லா."

அவர் போனார். வரிசை இல்லை என்று சொல்லத்தான் போனார். அங்கே பார்த்தால் ஒரு வீட்டில் பசுவுக்கு மடி வீங்கிக் கிடந்தது, மாட்டு டாக்டருக்குப் போன் போட்டார். இன்னொரு வீட்டில் தீவனம் தீர்ந்திருந்தது. சொசைட்டி மூட்டை ஒன்றை அனுப்பி வைத்தார். இத்தனை வருடம் கேனை மட்டுமே பார்த்தவர் அப்போதுதான் தொழுவங்களைப் பார்த்தார்.

டீக்கடைக்குப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். மகாராஜன் வண்டியில் கூடுதலாகக் கேன் ஏற்ற இடம் பண்ண வேண்டியிருந்தது. இசக்கி இப்போது வேனைத் தவறவிடுவதில்லை. தை மாதம் மூன்றாவதாக ஒரு மாடு பிடித்தாள். பல் பார்த்து வாங்க அவரையும் கூட்டிக்கொண்டு போனாள்.

ஆனால் தொழுவம் தொழுவமாகப் போய் வருகிறவருக்குக் காலைச் சாப்பாடு மறுபடியும் தள்ளிப் போயிற்று.

"மொதல்ல வரிசைக்கு முன்னால நின்னிய, இப்பம் மாட்டுக்குப் பின்னால நிக்கிய" என்று ராஜராஜேஸ்வரி போனில் சொன்னாள். கோபம் போலத்தான் இருந்தது. அவர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வேகமாக நடந்து வந்தார். அவள் இரண்டு தட்டையும் வைத்துவிட்டு, பையைத் தோளில் போட்டபடி உட்கார்ந்திருந்தாள்.

"பஸ் போயிருக்குமே" என்றார் அவர்.

"போகட்டும். அடுத்ததுல போனாலும் மணி அடிக்கதுக்குள்ள போயிருவேன். கையைக் கழுவிட்டு வாங்க, சாணி வாடை அடிக்கி."