பழுதாகாத வளையம்

இந்தப் பூமியில் மனிதன் செய்த எந்தக் கருவியும் இதுவரை பழுதானதே இல்லை. பழுதானவர்கள் எல்லாம் அதைப் பற்றிப் புகார் சொன்னவர்கள்தாம். சக்கரம் உருண்ட நாளிலிருந்து இதுதான் நடந்துவருகிறது என்றும், இதை எடுத்துச் சொல்லத் தன் காலம்வரை ஓர் ஆள் பிறக்காமல் போனது மனித குலத்தின் கெட்ட நேரம் என்றும் லிப்ட் மெக்கானிக் நம்பினார். நம்பியதோடு விடவில்லை. தினமும் தேநீர் இடைவேளையில் சொல்லியும் வந்தார்.

சொல்வதற்கு அவருக்குத் தகுதி இருந்தது. கம்பெனியின் புகார் தொலைபேசியில் இரண்டு வருடம் உட்கார்ந்தவர். காதில் ஒரு கருவி, கையில் ஒரு பேனா, எதிரே ஒரு சுவர். அந்தச் சுவரைப் பார்த்தபடி அவர் கேட்காத சத்தம் கிடையாது. லிப்ட் நின்றுபோனால் ஜனங்கள் எந்த மாடி, என்ன நேரம் என்று சொல்வதில்லை. வாயாலேயே லிப்டை ஓட்டிக் காட்டுவார்கள். வங்கி மேனேஜர் ஒருவர் 'கிர்ர்ர், டொக்' என்றார். ஓர் அம்மாள் 'ஙொய்ய்ய்' என்று மூச்சு விடாமல் மூன்றாம் மாடியிலிருந்து ஏழாம் மாடிவரை போய் இறங்கினார். வக்கீல் ஒருவர் கதவு மூடுகிற சத்தத்தையும் திறக்கிற சத்தத்தையும் தனித்தனியாகச் செய்து, எது எது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்.

"படிச்சவன் படிக்காதவன்னு வித்தியாசமே இல்ல மச்சான்," என்பார். "மெஷின்னு வந்துட்டா அத்தனை பேரும் பச்சப்புள்ளைங்க. நானா இருந்தா என்ன கோளாறு, எங்க கோளாறு, எப்போலேருந்து கோளாறு. மூணே வரி. போனை வச்சுட்டுப் போயிட்டே இருப்பேன்."

மச்சான் என்பது அவர் மனைவியின் தம்பி. அதே கம்பெனி, அதே வண்டி, பக்கத்து இருக்கை.

"உங்களுக்குத்தான் எதுவுமே கெட்டுப்போகாதே மாமா," என்பான் அவன். "அப்புறம் எங்கேருந்து மூணு வரி?"

மெக்கானிக்கைத் தொலைபேசிக்கு அனுப்பிவைத்தது திறமைக் குறைவு அல்ல, உடம்பு. லிப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று வேலை செய்கிறவர்கள் பாதுகாப்பு பெல்ட் மாட்டியாக வேண்டும். அந்த பெல்ட் தாங்குவது நூற்றுப்பத்து கிலோ. இவர் அப்போது நூற்றுமுப்பத்தொன்று. "பெல்ட் தாங்கும் சார், அதைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க," என்று இவர் கொடுத்த உறுதிமொழியை மேலாளர் ஏற்கவில்லை. இரண்டு வருடம் சுவரைப் பார்த்த பிறகுதான் வயிற்றில் வளையம் போட்டுக்கொள்ள மெக்கானிக் சம்மதித்தார்.

வளையம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இரைப்பையின் மேல்பாகத்தைச் சுற்றி மெத்தென்று ஒரு பட்டை. அதற்குள் உப்புத் தண்ணீர் ஏற்றினால் இறுகும், எடுத்தால் தளரும். ஏற்றவும் எடுக்கவும் வயிற்றுத் தோலுக்கு அடியில் பொத்தான் அளவில் ஒரு வாய். ஊசியை அங்கே குத்துவார்கள். இறுகிய வளையத்துக்கு மேலே ஒரு முட்டை கொள்ளும் இடம்தான் இருக்கும். அது நிரம்பினால் பசி அடங்கிவிடும். சின்னக் கவளமாக எடுத்து, நன்றாக மென்று, சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் இருந்தால் போதும். ஒன்றரை வருடத்தில் முப்பத்துமூன்று கிலோ இறங்கியது. மறுபடி கூரைமேல் ஏறிய அன்று மாலை வீட்டுக்கு வந்தவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம கல்யாணத்தன்னிக்குக்கூட நீங்க இப்படிச் சிரிக்கல," என்றாள் மனைவி.

ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு ரொட்டித் துண்டு நெஞ்சுக்குக் கீழே வந்து நின்றுகொண்டது. அரை மணி நேரம் மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. பிறகு வந்த வழியே வந்தது. மெக்கானிக் தீர விசாரித்து, ரொட்டியில் கோளாறு என்று முடிவு செய்தார். அடுத்த வாரம் கோழித் துண்டு நின்றது, கோழியில் கோளாறு. அதற்கடுத்த வாரம் குழைய வேகவைத்த கேரட் நின்றது. கேரட்மேல் பழி போடக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. போட்டார்.

எந்த மெஷினையும் ஒரு தரம் நிறுத்திவிட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்பது தொழில் ஞானம். ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்து, மறுநாள் வெந்நீரோடு ஆரம்பித்தார். இரண்டு நாள் எல்லாம் ஒழுங்காக இறங்கியது. நிறுத்திப் போட்ட எதுவும் இரண்டு நாள் ஒழுங்காக இருக்கும், மூன்றாம் நாள்தான் சுயரூபம் தெரியும் என்பதும் தொழில் ஞானம்தான். அதை மட்டும் அவர் நினைவுக்குக் கொண்டுவரவில்லை. மூன்றாம் நாள், துருவேறிய போல்ட்டுக்கு எண்ணெய் விடுகிற மாதிரி சோடா விட்டுப் பார்த்தார். போல்ட் அசையவில்லை. சோடா மூக்கு வழியாகத் திரும்பிவந்து தன் கருத்தைச் சொல்லிவிட்டுப் போனது.

கடைசியில் அவருக்கு ஒத்துழைத்தது ஐஸ்கிரீம் ஒன்றுதான். கெட்டியானது எதுவும் உள்ளே போகாது. உருகுவது வழுக்கிக்கொண்டு போய்விடும். காலை, மதியம், மாலை என்று அதுவே போனது. ஒரு வாய் சோறு இறங்காமல் ஐந்து கிலோ ஏறிய மனிதர் அந்த வட்டாரத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். படுத்தால் இருமல். இடது தோளில் இன்ன இடம் என்று சொல்ல முடியாத ஒரு வலி. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் நடக்கத் தோன்றும், நடந்தால் அந்த நடை சமையலறையில் போய் முடியும்.

மனைவி மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். சுவரில் இருக்கும் எழுத்தை வாசிக்கச் சொல்லி, தெரியாததைத் தெரிகிறது என்று சாதிக்கிறவர்களைத் தினம் நாற்பது பேர் பார்ப்பவள்.

"ஏங்க, மூணு டப்பா ஐஸ்கிரீம் வாங்கி வச்சேனே, எங்க?"

"உருகிடுச்சு."

"ஃப்ரிட்ஜுக்குள்ளயா?"

"ஃப்ரிட்ஜுக்கு வெளியில."

"வெளியிலன்னா எங்க?"

மெக்கானிக் சன்னலைப் பார்த்தார்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்," என்றாள். "சோறே இல்லாம மறைக்கிற ஆளை இப்பத்தான் பாக்குறேன். வளையத்துல ஏதோ ஆயிருக்கு. கிளினிக்குக்குப் போன் பண்ணுங்க."

"அது நல்ல மெஷின். அதுக்கு ஒண்ணும் ஆகாது."

"அது நல்லா இருக்கட்டும். நீங்க எப்படி இருக்கீங்க?"

"போன வாரத்துக்கு இந்த வாரம் தேவலாம்."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க. அப்படியே பாத்தா இந்நேரம் நீங்க பறக்கணும்."

போன் பண்ணினால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் பண்ணவில்லை. வளையம் போட்ட முதல் வருடத்தில் ஒருமுறை வாந்தியும் காய்ச்சலுமாகப் படுத்தபோது, வளையம் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும் என்று ஊசி போட்டுத் தண்ணீரை எடுத்துவிட்டார்கள். ஆறு வாரம். பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிய சொந்தக்காரரைப் போலப் பசி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒன்பது கிலோ ஏறியது. இப்போது இவர் நூற்றுமூன்று. நூற்றுமூன்றும் ஒன்பதும் நூற்றுப்பன்னிரண்டு. கம்பெனியில் எடை பார்க்கும் நாள் ஏழு வாரத்தில் வருகிறது. இந்தக் கணக்கை அவர் பல் துலக்கும்போது போட்டார், வண்டி ஓட்டும்போது போட்டார், பாதி உருகிய டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் போட்டார். எப்படிப் போட்டாலும் விடையில் அந்தச் சுவர் வந்து நின்றது.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றுக்குப் போனார்கள். புகார் கொடுத்தது நான்காம் மாடியில் இருந்த பல் டாக்டர் அம்மாள். கையுறையைக்கூடக் கழற்றாமல் வாசலுக்கு வந்துவிட்டார்.

"தட்தட்தட்னு கிளம்புது. அப்புறம் ஸ்ஸ்ஸ். அதுக்கப்புறம் ஒரு மாதிரி, 'ம்க்கும்'."

"எந்த மாடின்னு மட்டும் சொல்லுங்க டாக்டர்."

"அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல. ஆனா அந்த 'ம்க்கும்'தான் முக்கியம்."

படியேறும்போது மெக்கானிக் மச்சானுக்காக 'ம்க்கும்' என்பதை மூன்று விதமாகச் செய்துகாட்டினார். மச்சான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மூன்றாவது 'ம்க்கும்' முடிந்ததும் மெக்கானிக் திரும்பி நின்று, கருவி மூட்டைக்குள்ளிருந்து ஒரு காகிதக் கோப்பையை எடுத்து, அதில் எதையோ செய்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தார்.

"என்ன மாமா அது?"

"கிரீஸ்."

இரண்டு நாளாக அவர் வாய்க்குள் ஊறும் எச்சில்கூட இறங்கவில்லை. அது நெஞ்சுக்குள் கொஞ்ச தூரம் போகும், யோசிக்கும், திரும்பிவிடும்.

மச்சான் லிப்ட் பெட்டிக்குள் நின்றுகொண்டான். மெக்கானிக் பெல்ட்டை மாட்டி, கூரைமேல் ஏறி, அங்கிருந்த பொத்தானை அழுத்திப் பிடித்து மெதுவாக மேலே நகர்த்தினார். நான்கு. ஐந்து. தட்தட்தட். ஸ்ஸ்ஸ். பிறகு, பல் டாக்டர் சொன்னதற்கு அணுவளவும் பிசகாமல், 'ம்க்கும்'. பெட்டியைத் தண்டவாளத்தோடு ஒட்டி ஓடவைக்கும் ரப்பர் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. அந்த அம்மாளின் 'ம்க்கும்' பொருந்தியது தற்செயல் என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார்.

"மாமா, கீழ சத்தம் கேட்டுச்சு. மேல கேட்டுச்சா?"

பதில் சொல்ல முடியவில்லை. வாய் நிறைந்திருந்தது. கோப்பை இருந்த மூட்டை கீழே மச்சானின் காலடியில். கூரைமேல் துப்பலாம் என்றால் சரியாக மச்சானின் தலைக்குமேல் காற்றுத் துளை. விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது என்று ஜனங்கள் எதற்கெதற்கோ சொல்கிறார்களே, அது இதுதான்.

"மாமா?"

ஒரு துளி தவறான வழியில் போனது. இருமல் பிடித்துக்கொண்டது. சாதாரண இருமல் இல்லை. முழங்கால் மடங்கி, கண்ணில் நீர் முட்டி, மூச்சை உள்ளே இழுக்க இடமில்லாத இருமல். கை பொத்தானை விட்டது, லிப்ட் நின்றது. பெல்ட் அவரைக் கச்சிதமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. விழுந்தால் தாங்கியிருக்கும். அவர் விழவில்லை, நின்ற இடத்திலேயே மூழ்கிக்கொண்டிருந்தார். அதற்கு பெல்ட் கிடையாது. கடைசியில் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றி, கவிழ்த்துப் பிடித்து, அதற்குள் எல்லாவற்றையும் விட்டார்.

கூரையின் மூடியைத் திறந்துகொண்டு மச்சானின் தலை வெளியே வந்தது.

"மாமா, ஹெல்மெட் எங்க?"

"கையில."

"தலையில போடுங்க முதல்ல."

"இப்ப போட முடியாது."

மச்சான் ஹெல்மெட்டுக்குள் எட்டிப் பார்த்தான்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"ஐஸ்கிரீம்வரைக்கும் தெரியும்."

"இப்ப நான் அக்காகிட்டச் சொல்லணுமா, இல்ல நீங்களா கிளினிக்குக்குப் போன் பண்றீங்களா?"

மெக்கானிக் இரண்டு ஆபத்தையும் எடை போட்டார். "வண்டிச் சாவியைக் குடு," என்றார்.

வண்டிக்குள் உட்கார்ந்து எண்ணை அழுத்தினார். கிளினிக்கில் ஒரு நர்ஸ் எடுத்தாள். மெக்கானிக் தொண்டையைச் செருமிக்கொண்டு, எத்தனையோ தேநீர் இடைவேளைகளில் ஒத்திகை பார்த்த மூன்று வரியைச் சொன்னார்.

"வளையம். நெஞ்சுக்குக் கீழ. அஞ்சு வாரமா."

"சரிங்க," என்றாள் நர்ஸ். "வளையத்துக்குன்னு போன் பண்றவங்க எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க. என்ன ஆகுது, அதைச் சொல்லுங்க. தண்ணி இறங்குதா?"

"நேரத்தைப் பொறுத்து."

"எச்சில்?"

மெக்கானிக் ஸ்டியரிங்கைத் துடைக்க ஆரம்பித்தார்.

"எதுக்குக் கேக்குறேன்னா, எச்சில் இறங்குதுன்னா அடுத்த வாரம் வியாழக்கிழமை வாங்க, நிதானமாப் பாக்கலாம். இறங்கலைன்னா இப்பவே வரணும். வளையம் இடம் விட்டு நகர்ந்திருக்கலாம். தண்ணியை மொத்தமா எடுத்துட்டு, படம் எடுத்துப் பாக்கணும். அப்படியே விட்டா இரைப்பைக்கு ரத்தம் போறது நின்னுடும். அது விளையாட்டில்ல."

"மொத்தமாவா எடுப்பீங்க?"

"மொத்தமா."

"திரும்ப எப்ப ஏத்துவீங்க?"

"படத்தைப் பாக்காம நான் எப்படிங்க சொல்றது? எச்சில் இறங்குதா, இல்லையா?"

'இறங்குது.' ஒரே ஒரு சொல். சொன்னால் வியாழக்கிழமைவரை நூற்றுமூன்று, பெல்ட், கூரை. அவர் வாயைத் திறந்தார். எதிரே கட்டடத்தின் ஓரமாக இருந்த குழாயடியில் மச்சான் ஹெல்மெட்டைக் கழுவிக்கொண்டிருந்தான். கழுவினான், முகர்ந்து பார்த்தான், மறுபடி கழுவினான். முகத்தைச் சுளிக்கவில்லை. அக்கா புருஷனின் வாயிலிருந்து வந்ததைத் தன் வேலை மாதிரி தேய்த்துக்கொண்டிருந்தான். நடுவில் ஒருமுறை வண்டியைத் திரும்பிப் பார்த்தான். அந்த முகம் மெக்கானிக்குக்குப் பிடிக்கவில்லை. அதில் நகைச்சுவை கொஞ்சம்கூட இல்லை.

"இறங்க மாட்டேங்குதும்மா," என்றார்.

"கொஞ்சமும் இல்லையா, இல்ல போய்ட்டுத் திரும்புதா?"

"போகுது. போற மாதிரி போய், அங்க ஒரு இடத்துல..." சொல்லைத் தேடினார். இருபது வருடத் தொழிலில் சேர்த்த எந்தச் சொல்லும் அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை. "அடைப்புன்னும் சொல்ல முடியாது. சிக்குதுன்னும் சொல்ல முடியாது. அது வந்து..."

"எப்படி இருக்கு, நீங்களே சொல்லுங்க. இங்க எழுதிக்கிறேன்."

மெக்கானிக் இடதுபுறம் பார்த்தார், வலதுபுறம் பார்த்தார். வண்டியின் கண்ணாடியை மேலே ஏற்றினார். போனை வாய்க்கு அருகில் கொண்டுவந்து, கையால் மறைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார்.

"க்ளுக்... க்ளுக்... ஙொய்ய்ங்... டொப்."

அந்தப் பக்கம் பேனா ஓடும் சத்தம் கேட்டது.

"அந்த 'டொப்' வலியோடயா, வலியில்லாமயா?"

"வலி 'ஙொய்ய்ங்'லயே வந்துடும்," என்றார். அவளுக்குச் சந்தேகம் இருக்கக் கூடாது என்று, மச்சான் வந்து கதவைத் திறப்பதற்குள் இன்னொரு முறை, கொஞ்சம் நிதானமாகச் செய்து காட்டினார்.