மைனஸ் பதினொன்று

கன் தோ நகரத்துக் கெளுத்தி மீன் ஆலைக்கு லுவா மேலாளராகி மூன்று மாதம். அன்றாடம் காலையில் அவள் எதிர்பார்த்தது ஒன்றைத்தான்: யாராவது வந்து, "ஆள் மாறிப்போச்சும்மா, எந்திரி" என்று சொல்லப்போகிறார்கள். அப்பா மீன் குட்டையில் தவிடு கொட்டியவர். வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் இவள். உணவுப் பதப்படுத்தலில் முதல் வகுப்பு. இருந்தும் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவாள்.

துணை மேலாளர் சாங்குக்கு அப்படிப்பட்ட சந்தேகமெல்லாம் கிடையாது. இருபது வருட அனுபவம். அதைப் பற்றிப் பேசுவதற்கே தினம் ஒரு மணி நேரம்.

அந்த ஊர் வழக்கப்படி, மூத்தவர்களிடம் பேசும்போது தன்னைத் 'தங்கச்சி' என்றுதான் சொல்லிக்கொள்ள வேண்டும். 'நான்' என்றால் முகத்தில் அடித்த மாதிரி. மேலாளரானாலும் அதே கதைதான். "தங்கச்சிக்கு ஒரு சந்தேகம் அண்ணே" என்று தொடங்குகிறவளுடைய சந்தேகத்தை எவன் மதிப்பான்?

அன்றைக்கு ஏற்றுமதிச் சரக்கு லாரியில் ஏறத் தயாராக இருந்தது. மீன் மைனஸ் பதினெட்டு டிகிரிக்காவது உறைந்திருக்க வேண்டும். லுவாவின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"போடு தங்கச்சி. லாரிக்காரன் கத்துறான்" என்றார் சாங்.

"யாரு அளந்தது அண்ணே?"

"அண்ணன்தான். மைனஸ் இருபது. உங்கப்பன் தவிடு கொட்டினப்பவே அண்ணன் இங்க அளந்துக்கிட்டிருந்தேன்."

சுற்றி நின்ற மேற்பார்வையாளர்கள் சிரித்தார்கள். லுவா பேனாவைத் திறந்தாள். இருபது வருடக்காரருக்குத் தெரியாததா உனக்குத் தெரியப்போகிறது? சத்தியமாகக் கற்றுக்கொள்ளத்தான் கேட்டாள்:

"எப்படி அளந்தீங்கன்னு தங்கச்சிக்கும் ஒரு தடவை காட்டுங்களேன்."

சாங் பெருமையாகக் குளிர்கிடங்குக்குள் அழைத்துப்போய்ச் சுவரைக் காட்டினார். அங்கே சிவப்பில் மின்னியது: மைனஸ் இருபது.

"கண்ணு தெரியுதில்ல?"

அது அறைக் காற்றின் கணக்கு. உறைந்த மீனில் துளை போட்டு, நடுவரைக்கும் ஊசியை இறக்கி அளக்க வேண்டும். முதல் வருடப் பாடம். லுவா ஒரு பெட்டியைப் பிரித்துத் துளை போட்டாள். மைனஸ் பதினொன்று. இன்னொன்றைப் பிரித்தாள். மைனஸ் பத்து.

இருபது வருடம்! இந்த மனுஷன் ஒரு நாளாவது நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பானா?

"காத்தும் மீனும் ஒரே அறையிலதான கெடக்கு?" என்றார் சாங். "பொஸ்தகத்துல படிச்சத எல்லாம் தங்கச்சி இங்க வந்து…"

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அறையே உறைந்தது. மீனைவிட நன்றாக.

"என்ன சொன்ன?"

"நான் போட மாட்டேன்னு சொன்னேன். லாரியத் திருப்பி அனுப்புங்க."

லுவா பேனாவை மூடினாள்.

சாயங்காலம் சைகோனிலிருந்து போன். தலைமை அலுவலகத்து ஹியென் அக்கா. போன மாதம்தான் இவர் 'பெண்ணே, துணிந்து பேசு' என்று இரண்டு நாள் பயிற்சி நடத்தினார்.

"சரக்க நிறுத்தினது சரிதான்டி. ஆனா சாங் அண்ணன்கிட்டப் போயி 'நான்'னு சொன்னியாமே? மனுஷன் அழறாரு."

"அவரு இத்தன வருஷம் செவத்தப் பாத்து எழுதினதுக்கு?"

"அத அப்புறம் பாக்கலாம். மொதல்ல நீ உன் தப்ப ஒத்துக்கிட்டு சுயவிமர்சனக் கடிதம் குடு. படிவம் அனுப்பியிருக்கேன்."

படிவம் வந்தது. 'தங்கச்சி' என்று எழுதத்தான் பழகிய கை போனது. இடமில்லை. அரசாங்க வழக்கப்படி, முதல் வரியிலேயே அச்சடித்திருந்தது: 'நான், …………'

லுவா பெயரை நிரப்பினாள். பதவி: ஆலை மேலாளர். செய்த தவறு: நான் 'நான்' என்று சொன்னேன்.

கடைசிக் கேள்வி: இது மறுபடி நடக்காமலிருக்க என்ன செய்வீர்கள்?

அவள் ரொம்ப யோசிக்கவில்லை. 'நாளை முதல் எல்லாரையும் மீனுக்குள் ஊசி குத்த வைப்பேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.