‘இல்லாவிட்டால்’ காலியாக இருக்கிறது

1

இந்தக் கதை ஒரு பாடநூலின் மூன்றாம் அத்தியாயமாகப் பிறந்திருக்க வேண்டியது. ‘மாறும் வலைப்பக்கங்கள்: ஓர் அறிமுகம்’ என்று தலைப்புகூட வைத்தாயிற்று. பதிப்பாளர் போன் செய்தார்.

“மேடம், விஷயம் எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா ரெண்டாம் பக்கத்துலயே கொட்டாவி வருது. உதாரணத்துல உயிருள்ள மனுஷங்க யாராவது வந்தா நல்லா இருக்கும்.”

உயிருள்ள மனுஷர்களைப் பாடநூலுக்குள் விட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது. விட்டேன். அவர்கள் அத்தியாயத்தைச் சாப்பிட்டு ஏப்பம் விட்டுவிட்டார்கள்.

கிடைத்தது இரண்டு பேர். நான் முடி வெட்டிக்கொள்ளும் பார்லரை நடத்தும் அண்ணி ஒருத்தி. அவள் கணவனின் தங்கை, அதாவது அவளுடைய நாத்தனார், மற்றொருத்தி. இருவரும் கூட்டாளிகள்.

2

முதல் தொடக்கம்: “சர்வர் என்பது ஒரு சாப்பாட்டுக் கடை மாதிரி. நீங்கள் கேட்டதை உள்ளே சமைத்து”

[அடித்துவிட்டேன். இந்த உதாரணம் இல்லாத பாடநூலை யாராவது காட்டினால் என் புத்தகத்தை அவருக்கு இலவசமாகத் தருகிறேன்.]

இரண்டாம் தொடக்கம்: “அந்த மதிய வேளையில் வானம் இருண்டு”

[வானத்துக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை.]

மூன்றாவது கொஞ்சம் தேறியது. பார்லர் கதவில் ஓர் அட்டை தொங்குகிறது. ஒரு பக்கம் ‘திறந்திருக்கிறது’, மறுபக்கம் ‘மூடியிருக்கிறது’. யாராவது திருப்பினால்தான் திரும்பும். மறந்துவிட்டால், உள்ளே தலை முழுக்க நுரையோடு ஆள் உட்கார்ந்திருக்கும்போதே, ‘மூடியிருக்கிறது’ என்று அது பாட்டுக்குப் பொய் சொல்லிக்கொண்டிருக்கும். சாதாரண வலைப்பக்கம் அந்த அட்டைதான்.

மாறும் பக்கம் அப்படியில்லை. யாராவது கேட்கும்போதுதான் அது தயாராகிறது. எங்கோ இருக்கும் சர்வர் என்ற கணினி கேள்வியை வாங்கி, மணி பார்த்து, இன்று யார் வேலைக்கு வந்திருக்கிறார்கள் என்று பார்த்து, அந்த நேரத்துக்கான பக்கத்தை எழுதிக் கையில் கொடுக்கிறது. கேட்பதற்கு முன்னால் அந்தப் பக்கம் எங்கும் இல்லை.

(இந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.)

3

அண்ணிக்கு இது ஏன் தேவைப்பட்டது என்றால், நாத்தனாரால்தான். பார்லரில் டை, ஃபேஷியல், கணக்குவழக்கு எல்லாம் அண்ணி. கத்தரி நாத்தனாரிடம். வருகிறவர்களில் பாதிப்பேர் அவள் கைக்காகவே வருகிறவர்கள். கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டி, “சிட்டு இல்லையா?” என்பார்கள். சிட்டு என்பது வீட்டில் வைத்த செல்லப் பெயர். இப்போது தெருவே கூப்பிடுகிறது. இல்லை என்றால் நீட்டிய தலை அப்படியே திரும்பிப் போய்விடும். ‘இப்போது யார் இருக்கிறார்கள்?’ என்று போனிலேயே காட்டிவிட்டால் வீண் நடை மிச்சம் என்று அண்ணி நினைத்தாள்.

முதல் வரைவில் நாத்தனாரை வில்லியாக எழுதினேன். பழக்கதோஷம். நம் கதைகளில் நாத்தனார் என்று எழுதினாலே பேனா அவளை மோவாயைத் தோளில் இடித்துக்கொள்ள வைத்துவிடும். இரண்டு பக்கத்துக்கு அவள் குத்திக்குத்திப் பேசினாள். பிறகு ஒருநாள், என் காதுக்குப் பின்னால் யாருக்கும் அடங்காமல் நிற்கும் சுருளை அவள் மூன்று வெட்டில் படுக்க வைத்தாள். வீட்டுக்கு வந்து அந்த இரண்டு பக்கத்தையும் அழித்தேன். நான் விலை போகிற ஆள்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். ஷாப்பிங் மாலின் மேல்மாடியில் கண்ணாடிச் சுவரும் தோல் நாற்காலிகளுமாகப் பெரிய பார்லர் ஒன்று திறக்கப் போகிறார்கள். சிட்டுவை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவள் அண்ணியிடம் சொல்லவில்லை. அண்ணி வேறு வழியாகத் தெரிந்துகொண்டாள். தெரிந்துவிட்டது என்பது சிட்டுவுக்கும் தெரியும். அதனால் இருவரும் திடீரென்று மரியாதையாகப் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

“அண்ணி, அந்த சீப்ப கொஞ்சம் எடுத்துத் தர முடியுமா?”

“இந்தாம்மா. வேற ஏதாவது வேணுமா?”

வழக்கமாக ‘சீப்பு’ என்ற ஒரே சொல்லில் முடிகிற காரியம் இது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த நானும் மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

4

அண்ணி என் அத்தியாயங்களின் அச்சுப்படியை வாங்கிப் போய்ப் படித்தாள். யார் தலைக்காவது டை பூசிவிட்டு, அது ஊறுகிற நேரத்தில் லேப்டாப்பைத் திறப்பாள். முதல் நாளே போன்.

“மேடம், நீங்க சொன்ன மாதிரியே எழுதினேன். ஃபைலைத் தொட்டா பக்கம் வரல, நான் எழுதினதே அப்படியே வருது. சமைக்கச் சொன்னா சமையல் குறிப்பைக் காட்டுற மாதிரி.”

[பாருங்கள், நான் அடித்த உதாரணம் பின்வாசல் வழியாக வந்துவிட்டது.]

“நேரா திறந்தா அப்படித்தாங்க. அது வெறும் எழுத்து. சர்வர் வழியா திறந்தாத்தான் அது ஓடும்.”

பிடித்துக்கொண்டாள். சில நாட்களில் இப்படி ஒன்று எழுதினாள். (புத்தகத்தில் பிஎச்பி என்ற கணினி மொழியில் இருக்கும். இங்கே தமிழில் தருகிறேன். சர்வர் கோபித்துக்கொள்ளும், நீங்கள் மாட்டீர்கள்.)

சிட்டு இருக்கிறாள் என்றால்:
  காட்டு “வாங்க, சிட்டு இருக்கா.”
இல்லாவிட்டால்:

இல்லாவிட்டால் என்பதற்குக் கீழே ஒன்றும் இல்லை. சிட்டு உள்ளே வந்ததும் போனில் தன் பெயரைத் தொடுவாள், பக்கம் ‘வாங்க’ என்று சொல்லும். வராத நேரத்தில் வெறும் வெள்ளை.* வாடிக்கையாளர்கள் புகார் சொன்னார்கள். நானும் சொன்னேன். “எழுதறேன் மேடம்” என்பாள். எழுத மாட்டாள். மறதி என்று நினைத்தேன்.

இன்னொன்றும் என் புத்தகத்திலிருந்து கற்றுக்கொண்டாள். வரியின் தொடக்கத்தில் இரண்டு சாய்கோடு போட்டால் அது எழுதுகிறவருக்கான குறிப்பு. சர்வர் அதைத் தாண்டிப் போய்விடும், பக்கத்தைப் பார்க்கிறவரிடம் போகாது. ‘ஆகவே தாராளமாக எழுதுங்கள், உங்களைத் தவிர யாரும் பார்க்கப் போவதில்லை’ என்று எழுதியிருந்தேன். அந்த வாக்கியம் இன்றும் சரிதான். பதிப்பாளர் தலைகீழாக நின்றாலும் திருத்த மாட்டேன்.

* கடை நேரத்துக்கு வெளியே திறந்தால் ‘மூடியிருக்கிறது’ என்று வரும். அதை மட்டும் ஒழுங்காக எழுதியிருந்தாள்.

5

ஃபைலின் பெயருக்கு ஒரு வால் உண்டு. அந்த வாலைப் பார்த்துத்தான் இது ஓட்ட வேண்டியதா, அப்படியே தூக்கிக் கொடுக்க வேண்டியதா என்று சர்வர் முடிவு செய்கிறது. பஸ்ஸில் போகும்போது போனில் படிக்கலாம் என்று அண்ணி வாலை மாற்றி, வெறும் எழுத்தாக ஒரு நகல் எடுத்து வைத்தாள். புதன்கிழமை பார்லர் வலைதளத்தின் முகப்பைப் புதுப்பித்தபோது, இணைப்பை அந்த நகலுக்குக் கொடுத்துவிட்டாள். சர்வர் அதை ஓட்டவில்லை. சாய்கோட்டுக் குறிப்புகளோடு சேர்த்துத் தூக்கிக் கொடுத்தது.

முதலில் போனில் பார்த்தது ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர். தலையில் டையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் நான், பாதி வெட்டிய தலையோடு. டீச்சருக்கு எதையும் மனசுக்குள் படித்துப் பழக்கமில்லை.

“‘டீச்சர் வந்தா டை ஒரு கிண்ணம், பேச்சு ரெண்டு கிண்ணம்.’ யாரும்மா இது, நானா?”

அண்ணியின் முகம் வெளிறிவிட்டது. “டீச்சர், அந்த போன குடுங்க.”

“இரும்மா, முடிக்கல. ‘சிட்டு இன்னைக்கும் லேட். கேட்டா மூஞ்சிய தூக்கி வச்சுக்குவா. கேக்கல.’”

என் தலைக்கு மேல் கத்தரி நின்றது.

“‘சிட்டு வெட்டினதுல நான் கைவச்சு சரிபண்ண வேண்டி வந்ததே இல்ல. இத அவகிட்ட சொல்லக்கூடாது, தலையில ஏறி உக்காந்துக்குவா.’ அப்புறம் என்னமோ ‘இல்லாவிட்டால்’னு இருக்கு. ‘சிட்டு போயிட்டா இங்க என்ன வரணும்? கை வரல. நாளைக்கு எழுதிக்கலாம்.’ கீழ ‘நாளைக்கு.’ அதுக்குக் கீழயும் ‘நாளைக்கு.’”

டீச்சரின் குரல் இறங்கிவிட்டது. போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

6

இங்கே கதை முட்டிக்கொண்டு நிற்கிறது. எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ) சிட்டு கத்தரியை வைத்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல்

[என் தலை பாதி வெட்டில் இருக்கிறது. அனுமதி இல்லை.]

ஆ) இருவரும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

[ஒருத்தி கையில் கத்தரி, ஒருத்தி கையில் டை. வேண்டாம்.]

இ) அந்தக் கணத்தில் சிட்டு உணர்ந்தாள், தான் இத்தனை நாளும்

[என்ன உணர்ந்தாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? கண்ணாடியில் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான்.]

7

நடந்தது இது. சிட்டு என் மீதி முடியை ஒழுங்காக வெட்டி முடித்தாள். துண்டை உதறினாள். தரையைப் பெருக்கினாள். பிறகு லேப்டாப்பின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

“அண்ணி, இந்த காலியா இருக்கறத எப்படி எழுதணும்?”

“நீ எதுக்கு எழுதணும்?”

“நீங்க எழுதினா நாளைக்கு நாளைக்குன்னு வருஷம் ஓடிடும். நான் இல்லாதப்ப என்ன வரணும்னு நான்தானே சொல்லணும்.”

“ஓ, எழுதி வச்சுட்டு கிளம்புறியா?”

“கிளம்புறேன்னு நான் சொன்னேனா?”

“இருக்கேன்னும் சொல்லலையே. ஊர்ல இருக்கறவங்க எல்லாம் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?”

மரியாதை போயே போய்விட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

அண்ணி டைக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “எனக்கு பயமா இருக்குடி. கடைக்காக சொல்லல, கடை எப்படியோ ஓடும். நீ போயிட்டா நாள் பூரா நான் யார்கூட சண்ட போடுவேன்?”

சிட்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. “மேற்கோள் குறிக்குள்ளதானே எழுதணும்?” என்று மட்டும் கேட்டாள்.

“ஆமா.”

“அந்தப் பக்கம் திரும்புங்க.”

அண்ணி திரும்பிக்கொண்டாள். டீச்சரும் திரும்பிக்கொண்டார், அவரிடம் யாரும் சொல்லாமலே. சிட்டு இரண்டு விரலால் தட்டித்தட்டி எழுதினாள். நான் போய் வாலைச் சரிசெய்து, இணைப்பையும் மாற்றிக் கொடுத்தேன். திரையைப் பார்க்காமல்தான் செய்தேன், பெரும்பாலும்.

கிளம்பும்போது வாசலில் அண்ணியிடம் கேட்டேன். “ஃபைல் உங்க லேப்டாப்லதானே இருக்கு. திறந்தா என்ன எழுதியிருக்கான்னு தெரிஞ்சிடுமே?”

“அது அவ எழுதினது மேடம். தானா பக்கத்துல வந்தா படிச்சுக்கறேன். வராமயே போனா இன்னும் நல்லது.”

8

வியாழனும் வெள்ளியும் சிட்டு கடை திறப்பதற்கு முன்பே வந்துவிட்டாளாம். அதனால் அவள் எழுதிய வரி பக்கத்தில் வர இடமே இல்லை. என்றைக்கும் நேரத்துக்கு வராதவள் திடீரென்று முன்னால் வந்தால் அது நல்லதா கெட்டதா என்று அண்ணி போனில் கேட்டாள்.

இன்று சனிக்கிழமை. கடை திறந்திருக்கும். பதிப்பாளர் காலையிலிருந்து பிடுங்குகிறார்.

“போனாளா, இருந்தாளா? ஒரு வரி போதும் மேடம், அச்சுக்குப் போகணும்.”

“தெரியாதுங்க.”

“அந்தப் பக்கத்த ஒரு தடவ திறந்து பாத்தா தெரிஞ்சிடுமே.”

அது எனக்குத் தெரியாதா? முகவரி போனில்தான் இருக்கிறது. ‘வாங்க, சிட்டு இருக்கா’ என்று வரலாம். அல்லது, இதுவரை யாரும் படிக்காத ஒரு வரி வரலாம். கேட்பதற்கு முன்னால் அந்தப் பக்கம் எங்கும் இல்லை என்று எழுதியவளே நான்தான். அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். பயம்தான், வேறென்ன.

நீங்கள் திறந்து பாருங்கள். ‘வாங்க’ என்று வந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். காதுக்குப் பின்னால் சுருள் மறுபடியும் கிளம்பிவிட்டது. வேறு ஏதாவது வந்தால் என்னிடம் சொல்ல வேண்டாம், பதிப்பாளரிடமும் வேண்டாம். அண்ணியிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அது அவளுக்கு எழுதியது.