அம்மாக்கள் ஓட்டம்

காலை ஆறு நாற்பதுக்கு எழுகிறேன். கெட்டிலில் தண்ணீர் வைக்கிறேன். ஒரு முட்டையை நாலரை நிமிடம் வேகவிடுகிறேன். ரொட்டியை வாட்டி, வெண்ணெய் தடவி, விரல் அகலத்தில் நறுக்குகிறேன். வெள்ளைச் சட்டை, சாம்பல் நிறப் பாவாடை, எலாஸ்டிக் வைத்த டை மூன்றையும் நாற்காலி முதுகில் தொங்கவிடுகிறேன். ஏழே காலுக்கு மகளை எழுப்புகிறேன். டில்டாவுக்கு ஏழு வயது. முட்டையைத் தங்க நிறம் பூசிய மரக் கிண்ணத்தில் நிற்க வைத்து அவள் முன் தள்ளுகிறேன். கிண்ணத்தைத் தினமும் கழுவுவதால் ஒரு பக்கம் தங்கம் உரிந்து மரம் தெரிகிறது. பிப்ரவரியில் என் மனைவி ஷெல்பி இறந்த பிறகு எங்கள் வீட்டில் தவறாமல் நடப்பது இவ்வளவுதான்.

அந்த ஜூன் மாதக் காலையில் டில்டா முட்டையை உடைக்கவில்லை. பள்ளிப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து உப்பு ஜாடியில் சாய்த்து வைத்தாள்.

விளையாட்டு நாள் நிகழ்ச்சி நிரல். சாக்கு ஓட்டம், முட்டைக் கரண்டி ஓட்டம், மூன்று கால் ஓட்டம். கடைசியில் ஒரு வரி: 'சூழ்நிலையைக் கருத்தில் கொண்டு, இந்த ஆண்டு அம்மாக்கள் ஓட்டம் நடைபெறாது.'

"சூழ்நிலைன்னா நான்தானே?" என்றாள்.

"அப்படிப் போடலையே."

"வேற யாருக்குப்பா அம்மா இல்ல?"

நான் தேநீரைக் குடித்தேன்.

"கிளாஸ்ல எல்லாரும் என்னைத்தான் சொல்றாங்க. உன்னாலதான் ரேஸ் போச்சுன்னு ஓட்டிஸ் கேட்டான். அவங்கம்மா புது ஷூ வேற வாங்கிட்டாங்களாம்." கிண்ணத்தைத் தொட்டுக் காட்டினாள். "இது இந்த வருஷம் நம்மளுது இல்ல. ஓடாம எப்படி வச்சுக்கறது? திருடின மாதிரி இருக்கும்."

அந்தக் கிண்ணம் அம்மாக்கள் ஓட்டத்தின் பரிசு. ஜெயிக்கிறவர் ஓர் ஆண்டு வீட்டில் வைத்துக்கொள்ளலாம். ஷெல்பி இரண்டு ஆண்டுகள் வைத்திருந்தாள். அதில் முட்டை வைத்துச் சாப்பிட்டவர்கள் எங்கள் வீட்டில் மட்டும்தான் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் அலமாரியில் வைத்துவிட்டு மறந்துவிடுவார்கள்.

ஷெல்பி அமெரிக்காவில் நெப்ராஸ்காக்காரி. நான் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் இதே ஊரில் பிறந்தவன், இதே பள்ளியில் படித்தவன். டில்டாவை நாலு வயதில் பள்ளிக்கு அனுப்பிய முதல் நாள் ஷெல்பி அந்த டையைத் தூக்கிப் பிடித்து, "குழந்தைக்கு எந்த பேங்க்ல வேலை?" என்றாள். அவள் ஊரில் பிள்ளைகள் தினமும் காலையில் கொடிக்கு முன்னால் நெஞ்சில் கை வைத்து உறுதிமொழி சொல்வார்களாம்.

"தினமுமா?" என்றேன். "ராத்திரியோட ராத்திரியா மறந்துடுவீங்களா?"

"நீங்க மட்டும் என்ன? தினம் ஸ்கூல்ல தரையில சம்மணம் போட்டு உக்காந்து சாமி பாட்டு பாடறீங்க. யாராவது சாமி கும்பிடறீங்களான்னு கேட்டா ஒருத்தரும் இல்ல."

நான் டையை அவளிடமிருந்து வாங்கி டில்டாவுக்கு மாட்டிவிட்டேன்.

அவள் ஊரில் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கே அங்கி, தொப்பி போட்டுப் பட்டமளிப்பு விழா நடக்கும். பிள்ளைகள் பந்து விளையாடினால் ஊர் கடையைச் சாத்திவிட்டு வந்து தொண்டை கிழியக் கத்தும். எங்கள் ஊரில் விளையாட்டு நாளன்று பெற்றோர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, யார் பிள்ளை ஜெயித்தாலும் ஒரே அளவில் கைதட்டுவார்கள். தன் பிள்ளைக்குக் கொஞ்சம் குறைவாக.

முதல் ஆண்டு அவளிடம் நான்தான் சொன்னேன். "கடைசியில அம்மாக்கள் ஓட்டம்னு ஒண்ணு இருக்கு. அதை யாரும் பெரிசா எடுத்துக்க மாட்டாங்க."

"ஜெயிக்கிறவங்கன்னு ஒருத்தர் உண்டா?"

"உண்டு."

"அப்புறம் என்ன பெரிசா எடுத்துக்காம?"

ஆறு வாரம் ஆற்றங்கரையில் ஓடிப் பழகினாள். அன்று மற்ற அம்மாக்கள் ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, நடுவில் நின்று ஒருவரையொருவர் தூக்கிவிட்டுக்கொண்டு ஓடினார்கள். அப்படித்தான் ஓட வேண்டும். என் அம்மாவும் அப்படித்தான் ஓடினாள். ஷெல்பி வெறுங்காலில் ஓடி, பதினைந்து கஜம் முன்னால் கோட்டைத் தாண்டி, இரண்டு கையையும் தூக்கி ஊளையிட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் ஓடின. மைதானத்தில் சத்தமே இல்லை. அப்புறம் இரண்டாவதாக வந்த ஹாரியட் பெம்பர்டன், "அடடா, ரொம்ப நல்லா ஓடினீங்க" என்றார். எங்கள் ஊரில் ஒருவரை அதைவிடக் கடுமையாகத் திட்ட முடியாது.

"பாத்தியா, எவ்ளோ அன்பா சொன்னாங்க!" என்றாள் ஷெல்பி. நான் விளக்கவில்லை.

மறுவாரம் பள்ளியிலிருந்து எல்லாப் பெற்றோருக்கும் ஒரு கடிதம் வந்தது. 'பெற்றோர் தங்கள் உற்சாகத்தைக் கைதட்டலோடு நிறுத்திக்கொள்ளுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.' எழுதியது எல்லோருக்கும், சொன்னது ஒருத்திக்கு. ஷெல்பி அதைச் சட்டம் போட்டுக் கழிவறையில் மாட்டினாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இரண்டாம் ஆண்டு ஹாரியட் தற்செயலாக ஓட்டக் காலணி போட்டு வந்தார். ஷெல்பி ஒரு சாண் வித்தியாசத்தில் ஜெயித்தாள். ஹாரியட் மூச்சிரைக்க, "நான் ஒண்ணும் நிஜமா ஓடலை" என்றார். ஷெல்பி வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தாள். செப்டம்பரில் வயிற்றில் வலி என்றாள்.

அவ்வளவுதான் கிண்ணத்தின் கதை.

"நீ போய் மிஸஸ் குரோஸ்லிகிட்ட பேசு" என்றாள் டில்டா. "ரேஸ் வேணும்னு சொல்லு. இல்லேன்னா அன்னிக்கு நான் ஸ்கூலுக்கு வரமாட்டேன். அதுக்கப்புறமும் வரமாட்டேன்."

போனேன். தலைமை ஆசிரியை மிஸஸ் குரோஸ்லி நல்லவர். தேநீர் கொடுத்தார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டார். பிப்ரவரியிலிருந்து என்னோடு பேசும் எல்லோருக்கும் கழுத்து அப்படிச் சாய்ந்துதான் இருக்கிறது.

"எப்படி இருக்கீங்க, டங்கன்?"

"பரவாயில்லை."

"டில்டாவுக்குக் கஷ்டமா இருக்கக் கூடாதேன்னுதான். எல்லாப் பிள்ளைங்களோட அம்மாவும் அங்க ஓடறதை அவ உக்காந்து பாக்கணும் பாருங்க. நாங்க எல்லாரும் கூடிப் பேசினோம். ஒருத்தர்கூட மறுக்கலை."

டில்டாவைக் கேட்டீர்களா என்று கேட்க வேண்டும். அதற்காகத்தான் வந்திருந்தேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன்.

"ரொம்ப நன்றி" என்றேன். "ரொம்பக் கனிவு உங்களுக்கு."

வாசலில் டில்டா நின்றாள்.

"கேட்டியா?"

"நன்றி சொல்லிட்டேன்."

"எதுக்கு?"

"தெரியல."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். அது அவள் அம்மாவின் பார்வை. "நீ இங்கிலாந்துக்காரன்பா" என்றாள். வேறொன்றும் சொல்லாமல் வகுப்புக்குப் போய்விட்டாள்.

விளையாட்டு நாள் மழையால் இரண்டு முறை தள்ளிப்போய், ஜூலை முதல் வெள்ளியன்று நடந்தது. காலையில் நான் எழுப்புமுன்பே டில்டா உடுத்திக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். வரமாட்டேன் என்றவள். கேட்டேன்.

"கிண்ணத்தைத் திருப்பிக் குடுக்கணும்ல. குடுத்துட்டு வந்துடறேன்" என்றாள். கடைசி முட்டையைச் சாப்பிட்டாள். கிண்ணத்தைக் காலுறைக்குள் போட்டுப் பையில் வைத்தாள்.

சாக்கு ஓட்டம் நடந்தது. முட்டைக் கரண்டி ஓட்டத்தில் ஓட்டிஸ் கட்டைவிரலால் முட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஜெயித்தான். எல்லோரும் பார்த்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். டில்டா மூன்று கால் ஓட்டத்தில் ஓடவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் அவளைச் சுற்றி ஓர் இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் திட்டமிட்டு விட்ட இடைவெளி இல்லை. கனிவால் விட்டது.

மிஸஸ் குரோஸ்லி ஒலிபெருக்கியை எடுத்து, "இத்தோட இன்றைய நிகழ்ச்சிகள்..." என்றார்.

நான் எழுந்தேன். யோசித்து எழுந்ததாகச் சொல்ல முடியாது. மைதானத்தின் குறுக்கே நடந்து போய்ச் சுண்ணாம்புக் கோட்டில் நின்றேன். காலணியைக் கழற்றினேன். காலுறையையும் கழற்றி அதனுள் செருகினேன். புல் ஈரமாக இருந்தது.

"மிஸ்டர் விட்லாக்" என்றது ஒலிபெருக்கி. பிறகு அதைக் கீழே இறக்கிவிட்டு அவரே வந்தார். "டங்கன், என்ன இது?"

"அம்மாக்கள் ஓட்டம்."

"அது இந்த வருஷம் இல்லையே."

"தெரியும். நான் நிக்கறேன்."

"நீங்க அம்மா இல்லையே."

"இல்லை. அவ இடத்துல வந்திருக்கேன்."

"கொஞ்சம் உக்காருங்களேன். டில்டாவுக்கு..."

"முடியாது" என்றேன்.

முன்னால் ஒரு 'மன்னிக்கணும்' போடவில்லை. பின்னால் ஒரு 'தயவுசெய்து' போடவில்லை. முப்பத்துநாலு ஆண்டுகளில் அந்த ஒரு சொல்லை இப்படி மொட்டையாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. இருநூறு பேர் தங்கள் தேநீர்க் குடுவையைப் பார்த்தார்கள். காது சுட்டது. நகரவில்லை.

"டில்டாவைக் கேளுங்க" என்றேன். "அவளை இதுவரைக்கும் யாரும் கேக்கலை. நானும் கேக்கலை, அவளாத்தான் சொன்னா. ரேஸை நிறுத்தினது அவளுக்காகன்னா, நடத்தச் சொல்றதும் அவதான்."

மிஸஸ் குரோஸ்லி திரும்பிப் பார்த்தார். டில்டா எழுந்து நின்றிருந்தாள். கிண்ணத்தைக் காலுறையிலிருந்து எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"யாருக்கு வேணும் இது?" என்று கத்தினாள். "வந்து எடுத்துக்கோங்க பாப்போம்!"

ஷெல்பியின் தொண்டை. ஆடுகள் தலையைத் தூக்கின.

ஒரு மடக்கு நாற்காலி கிறீச்சிட்டது. ஹாரியட் பெம்பர்டன் குடுவையை மூடி வைத்துவிட்டு எழுந்தார். வலது முழங்காலில் பட்டை கட்டியிருந்தார். கம்பளிச் சட்டையைக் கழற்றினார். உள்ளே ஓட்டக்காரர்கள் போடும் கையில்லாத பனியன்.

"இன்னிக்கு ரேஸ் இல்லைன்னு தெரிஞ்சும் இதைப் போட்டுட்டு வந்தீங்களா?" என்றேன்.

"துணி காயலை, வேற இல்லை" என்றார். கோட்டில் வந்து நின்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "ஏப்ரல்லேருந்து ஓடிட்டிருக்கேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார்.

அப்புறம் ஓட்டிஸின் அம்மா, புதுக் காலணியோடு. அப்புறம் இரண்டு பேர். அப்புறம் எண்ணவில்லை. வரிசை கோட்டின் இரண்டு முனையையும் தொட்டது. மிஸஸ் குரோஸ்லி விசிலை ஊதவும் இல்லை, எங்களைத் தடுக்கவும் இல்லை. ஒதுங்கி நின்றார். டில்டா விசிலுக்குக் காத்திருக்கவில்லை.

"ஓடுங்க!"

எண்பது மீட்டர். நான் ஓடினேன். தொப்பியைப் பிடித்துக்கொண்டு யாரும் ஓடவில்லை. யாரும் சிரிக்கவில்லை. யாரும் நின்று யாரையும் தூக்கிவிடவில்லை. ஒருவர் முழங்கை என் விலாவில் இடித்தது. அவர் மன்னிப்புக் கேட்காததை ஓடும்போதே கவனித்தேன். நான்காவதாக வந்தேன். ஹாரியட் முதலாவதாக, என்னைவிட ஆறு கஜம் முன்னால் கோட்டைத் தாண்டினார். பட்டை அவிழ்ந்து காலில் இழுபட்டது. இரண்டு கையையும் தூக்கினார். அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. நாற்பது ஆண்டுகள் உள்ளே வைத்திருந்த சத்தம். உடனே வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுத்துவிட்டு இன்னொரு தடவை கத்தினார்.

டில்டா கிண்ணத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். விளிம்பில் காலை முட்டையின் மஞ்சள் ஒட்டியிருந்தது.

"வெந்நீர்ல கழுவணும். இல்லேன்னா போகாது."

"இதுலயா முட்டை சாப்பிட்டீங்க?"

"முட்டைக் கிண்ணம்தானே?"

ஹாரியட் குனிந்து அவள் உயரத்துக்கு வந்தார். முழங்கால் வலித்திருக்க வேண்டும். "டில்டா, நான் இன்னிக்கு நிஜமாத்தான் ஓடினேன். போன வருஷமும் நிஜமாத்தான் ஓடினேன். உங்கம்மா என்னைவிட வேகம், அவ்வளவுதான்."

"அம்மாவுக்குத் தெரியும்" என்றாள் டில்டா.

நடந்தே வீட்டுக்கு வந்தோம். காலணியைக் கையில் வைத்திருந்தேன். போட மறந்துவிட்டேன். டில்டா டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு வந்தாள். கால்வாய்ப் பாலத்தில் நின்றாள்.

"அப்பா. அம்மா கடைசியா என்ன சொன்னா?"

"சொன்னேனே. உன்னை நினைச்சாப் பெருமையா இருக்குன்னு சொன்னா."

அடக்கத்தன்று எல்லோரிடமும் அதைத்தான் சொன்னேன். ஆளுக்கொரு தடவை கேட்டார்கள்.

"அது நீயா எழுதினது மாதிரி இருக்கு. அம்மா அப்படிப் பேசமாட்டா. நிஜமா என்ன சொன்னா?"

பாலத்துச் சுவரில் காலணியை வைத்தேன். சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

அது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். பள்ளி அம்மாக்கள் இருவர் ஆஸ்பத்திரிக்குப் பூ கொண்டுவந்து, கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசிவிட்டுப் போயிருந்தார்கள். ஷெல்பி கண்ணை மூடித்தான் கிடந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். அவர்கள் போன பிறகு கண்ணைத் திறந்து, கிட்டே வா என்று விரலை அசைத்தாள். குனிந்து அவள் வாயருகே காதை வைத்தேன். ஒன்று சொன்னாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. வேறு ஏதாவது வரும் என்று மறுநாள் விடியும்வரை காத்திருந்தேன். வரவில்லை. நிஜமாகவே அவள் சொன்ன கடைசி வார்த்தை இதுதான்:

"ஹாரியட்டுக்கு முழங்கால்ல வலியாம், டங்கன். இந்த வருஷம் சும்மா ஊதித் தள்ளிடலாம்."