கொடும்பாவிக்குத் தலைமுழுகியது

வேப்பனப்பள்ளிப் பக்கம் இந்த வருடம் மாசியிலேயே சித்திரை வெயில் அடித்தது. மாங்காய்கள் முட்டையளவு வந்ததும் உதிர ஆரம்பித்தன. போர்வெல் காற்றைத்தான் தள்ளியது. மழையைத் தடுத்த மகாபாவியை வைக்கோலில் கட்டித் தெருத்தெருவாக இழுத்து, அழுது, எரித்துவிடுவதென்று ஊர் முடிவு செய்தது. கொள்ளி வைக்க நாராயணப்பன் முன்வந்தார். ஊரில் மாமரம் அவருக்குத்தான் அதிகம். பயமும் அவருக்குத்தான் அதிகம்.

அவருக்கு மொட்டை போட்டு மீசையையும் எடுத்தார்கள். பாவி எந்த மொழிக்காரன் என்று தெரியாததால் பெண்கள் தமிழிலும் தெலுங்கிலும் ஒப்பாரி வைத்தார்கள். ஓசூரில் செகண்ட் ஷிப்ட் பார்க்கும் விமல்ராஜ் கம்பெனி யூனிபார்மோடு கயிறு இழுத்தான். வறண்ட ஏரியில் வைத்து எரித்தாயிற்று. ஒரு குறையுமில்லை.

திரும்பி வரும்போதுதான் ஊருக்கு உறைத்தது. சாவு என்றால் தலைமுழுகாமல் வீட்டுக்குள் போகக் கூடாது. தலைமுழுகத் தண்ணீர் இல்லாமல்தானே இந்தச் சாவே. ஆளாளுக்கு அவரவர் வாசலில் நின்றார்கள்.

அந்த நேரம் பார்த்து நாராயணப்பனின் தோப்புக்கு டேங்கர் வந்தது. ஓசூர் கம்பெனிகளுக்கு ஓடுகிற வண்டி, அவர் கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்தது. இந்தத் தண்ணீர் பாய்ந்தால் மிச்சக் காயாவது மரத்தில் நிற்கும். ஊர் டேங்கரைப் பார்த்தது. பிறகு அவருடைய மொட்டையைப் பார்த்தது.

"மாமா, கம்பெனி பஸ் வந்துரும்" என்றான் விமல்ராஜ்.

அவர் மரங்களைப் பார்த்தார். கொள்ளி வைத்தவரே தண்ணீர் இல்லையென்று சொல்வது எப்படி?

"தர்றேன். ஆனா ஆளுக்கொரு மரம். பாத்திக்குள்ள நின்னுதான் ஊத்திக்கணும். சோப்பு கீப்பு போடக் கூடாது."

ஊர் தோப்பில் வரிசையாக நின்று குளித்தது. இரண்டு சொம்போடு கிளம்பியவர்களை அவர் விடவில்லை. "இன்னும் நாலு ஊத்திக்க, அவ்ளோ சீக்கிரம் தீட்டு போவாது" என்று மரத்துக்கு மரம் ஓடினார். கடைசி வரிசைக்கு வருமுன் டேங்கர் தீர்ந்தது. அவர் இன்னும் குளிக்கவில்லை.

குளித்துவிட்டு வீட்டுக்குள் போன மனைவி லட்சுமியம்மாள் குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கி வந்தாள். "ஏங்க, வாசல்லயே குந்துங்க, ஊத்தறேன்."

"இங்க வேணாம்" என்று கடைசி வரிசைக்கு நடந்தார். காய் அதிகம் பிடித்திருந்த மரத்தடியில் உட்கார்ந்தார். அவள் ஊற்றினாள். ஒரு குடம் எவ்வளவு நேரம் வரும்? கொள்ளி வைத்தபோது வராத அழுகை இப்போது வந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. தலையைப் பாத்திப் பக்கமாகச் சாய்த்துக்கொண்டார்.