அவரு இஞ்சின், அவரு ஆயில்

இஞ்சின் மேல்மூடியான டேப்பட் கவரின் கடைசி நட்டு அசையவில்லை. அமராவதி ஸ்பானரின் மேல் முழு எடையையும் போட்டு அழுத்தினாள். கொட்டகைக்கு வெளியே மேளம் அடித்துக்கொண்டிருந்தது. பந்தலில், பெஞ்சின் மேல், அவள் கணவன் சிவஞானம் கிடந்தான்.

காலையில் உப்புக் குவியலை மூட உப்பளத்துக்குக் கிளம்பியவன் மாரைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே சாய்ந்துவிட்டான். மரக்காணம் ஆஸ்பத்திரி போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

உப்புத்தண்ணீர் இறைக்க அண்ணன் தம்பி இருவரும் ஒரே மாதிரி இஞ்சின் ஒன்றாகப் போய் வாங்கினார்கள். தம்பி சிவஞானம் விலை கூடிய சிந்தெடிக் ஆயில் ஊற்றினான். அண்ணன் வெங்கடாசலம் சாதா ஆயில். சீசன் முடிந்ததும் எந்த ஆயில் நல்லது என்று இரண்டையும் திறந்து பார்த்துவிடலாம் என்று சிவஞானம் சொல்லிக்கொண்டே இருந்தான். சீசன் முடிந்து இரண்டும் கொட்டகைக்கு வந்திருந்தன.

சற்றுமுன் பந்தலில் வெங்கடாசலம் வந்தவர்களிடம் சொன்னார்: "இஞ்சினுக்குப் பாத்துப் பாத்து ஆயில் ஊத்துனான். தன் நெஞ்ச பாக்கல. இனிமே ரெண்டுத்துக்கும் என் ஆயில்தான்."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அமராவதி தலைமாட்டிலிருந்து எழுந்து கொட்டகைக்கு வந்தாள்.

நட்டு இளகியது. இரண்டு கவர்களையும் கழற்றித் தரையில் வைத்தாள்.

"இன்னா பண்ற? பொணம் வாசல்ல கெடக்குது," என்றபடி வெங்கடாசலம் உள்ளே வந்தார்.

"வந்து பாருங்க மாமா."

இரண்டிலும் ஆயில் கறுத்துத்தான் இருந்தது. டீசல் இஞ்சின் அப்படித்தான். ஆனால் வெங்கடாசலத்தின் இஞ்சினில் மூலைக்கு மூலை தார் போலக் கசடு அப்பியிருந்தது. அவள் விரலால் வழித்துக் காட்டினாள். சிவஞானத்தின் இஞ்சினில் துடைத்த இடத்தில் இரும்பு பளிச்சென்று தெரிந்தது.

"அவன் இஞ்சினும் உள்ள தேஞ்சிருந்தா?" என்றார் வெங்கடாசலம்.

"அது ஹெட்டக் கழட்டுனாதான் தெரியும். அதையும் கழட்டுவேன். அவரு இஞ்சின்ல அவரு ஆயில்தான். ஊத்தப்போறது நான்."

வெங்கடாசலம் குனிந்து தன் இஞ்சினின் கவரை எடுத்தார்.

"மூடாதீங்க. வர்றவங்க பாக்கட்டும்."

அவர் கவரைக் கீழே வைத்தார்.

மேளம் நின்றது. நாத்தனார் முத்தம்மாள் சோப்பும் தண்ணீரும் கொண்டுவந்தாள். "கைய கழுவிக்கினு வா. வாய்க்கரிசி போடணும்."

"இப்டியே போடறேன்."

கூட்டம் விலகி வழிவிட்டது. அமராவதி கறுத்த விரல்களால் அரிசியை அள்ளிப் போட்டாள். அவன் உதட்டோரம் ஒட்டிக்கொண்ட கறுப்பு அரிசியை யாரும் துடைக்கவில்லை.