ஜிஸ்மி எழுந்து போனாள்

பீர்மேட்டுக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலை எஸ்டேட்டில் ஜீப் ஓட்டிய ஒரே பெண் ஜிஸ்மி. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பிறகு ரேஷன் மூட்டைகள், சந்தை நாளில் லயம் என்ற தொழிலாளர் குடியிருப்பின் பெண்கள் என்று மலைப்பாதையில் நாள் முழுவதும் அவள் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். வயிற்றிலிருந்த குழந்தை ஏழாம் மாதத்தில் இறந்துபோன பிறகு அந்தக் குரல் அடங்கிவிட்டது.

ஆறுதல் தேடித்தான் பினுவின் ஜெபக்கூட்டத்துக்குப் போனாள். பினு வெளியூர்க்காரர், கடைவீதியில் ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்து ஜெபம் நடத்திவந்தார். குழந்தை போனதற்கு அவள் மேல் இருக்கும் சாபம்தான் காரணம் என்றார். பெண்பிள்ளை வண்டி ஓட்டக் கூடாது என்றார். ஜீப்பைத் தார்ப்பாயால் மூடினாள். பக்கத்து வீட்டு முருகேஸ்வரி தரும் பொங்கலைத் தொடக் கூடாது என்றார். ஜிஸ்மி அவள் முகத்தைப் பார்ப்பதையே நிறுத்தினாள். ஒன்றுக்குக் கீழ்ப்படிந்தால் அடுத்தது வந்தது. முழங்கால் போடும்போதே, இன்று எதில் தவறினோமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் கணவன் ஜோபி இதைத் தடுக்கவில்லை. அவனுக்கும் அந்தப் பயம் இருந்தது.

ஜூலை மழையில் மூன்று நாள் உபவாச ஜெபம் நடந்தது. கடைசி நாள் சாயங்காலம் வரை கூடத்தை விட்டு வெளியே போகாமல் இருந்தால் சாபம் முறிந்துவிடும் என்று பினு சொல்லியிருந்தார். அன்று மத்தியானம் முருகேஸ்வரியின் கணவன் கோகுல்நாத் சொட்டச் சொட்ட நனைந்தபடி வாசலில் வந்து நின்றான்.

"ஜிஸ்மிக்கா, அவளுக்குப் பிரசவ வலி வந்துருச்சு. ரோட்டுல மரம் விழுந்து கெடக்கு, ஆம்புலன்ஸ் மேல வர முடியாதுங்காங்க. தோட்டத்து வழியா ஜீப்பு மட்டும்தான் போகும்."

எழுந்தால் உபவாசம் முறிந்துவிடும், சாபம் அடுத்த பிள்ளையையும் பிடிக்கும் என்று பினு எச்சரித்தார்.

ஜிஸ்மி வாசலில் நின்றவனைப் பார்த்தாள். ஒருத்தி வலியில் கதறும்போது எழாமல் இருந்தால்தான் ஆண்டவர் மனம் இரங்குவார் என்றால், அவர் எப்படிப்பட்டவர்? அவள் சின்ன வயதிலிருந்து அறிந்த இயேசு, நோயாளியைக் கண்டால் ஓய்வுநாள் என்றும் பாராமல் கை நீட்டியவர். முருகேஸ்வரியைக் காப்பாற்றப் போனதற்காக அவரா என் பிள்ளையை எடுப்பார்? கேள்வி முடிவதற்குள் எழுந்துவிட்டாள்.

"ஆண்டவரு எனக்கு எசமான் இல்லண்ணே, அப்பா," என்றாள் பினுவிடம். "நான் எதுக்குப் போறேன்னு அவருக்குத் தெரியும்."

லயத்துக்கு ஓடினார்கள். மாதக்கணக்கில் நின்றுபோயிருந்த ஜீப் கிளம்ப மறுத்தது. லயத்து ஆட்கள் இறக்கத்தில் தள்ளிவிட, அவள் கிளட்சை விட்டதும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி உயிர் பெற்றது. கொழுந்துக் காடுகளுக்கு நடுவே ஒற்றைப் பாதை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். சக்கரங்கள் சேற்றில் வழுக்கின. பின்னாலிருந்து முருகேஸ்வரி அவள் தோளை நகம் பதியப் பிடித்திருந்தாள். ஓடைத் தண்ணீர் பாதையைத் தாண்டிப் பாய்ந்த இடத்தில் கோகுல்நாத் இறங்கி, கம்பு ஊன்றி முன்னே நடந்து ஆழம் பார்த்தான். அவன் கையசைத்ததும் ஜிஸ்மி வண்டியை விட்டாள். தண்ணீர் கதவுவரை அடித்தது. அக்கரை ஏறியதும்தான் தான் உரக்கப் பாடிக்கொண்டிருப்பதை உணர்ந்தாள். ஞாயிறு பள்ளியில் கற்ற பாட்டு. வலிக்கு நடுவே முருகேஸ்வரி, "நிறுத்தாதீக மதினி, பாடுங்க," என்றாள்.

ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோன கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. கோகுல்நாத் அழுதுகொண்டே வாங்கிவந்த டீயையும் பன்னையும் ஜிஸ்மி வராந்தாவில் நின்றே சாப்பிட்டாள். மூன்று நாள் பசி. சாப்பிடச் சாப்பிடச் சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை.

வேலை முடிந்து ஓடிவந்த ஜோபியின் முகம் வெளிறியிருந்தது. நமக்கு அடுத்ததும் போய்விட்டால் என்ன செய்வது என்று தாழ்ந்த குரலில் கேட்டான்.

"அழுவேன்," என்றாள் ஜிஸ்மி. "ஆனா ஆண்டவரு அடிச்சிட்டாருன்னு நெனைக்க மாட்டேன். கூட இருந்து அழுவாரு."

ஜோபி நெடுநேரம் அவள் கையை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளே கூடத்துக்குப் போனாள். ஒளிந்து திரிய அவளுக்குக் காரணம் இருக்கவில்லை. எல்லோர் முன்னாலும் பினு அவளை நிறுத்தி, இஷ்டத்துக்கு நடப்பதற்குப் பெயர்தான் இயேசு தரும் விடுதலையா என்று கேட்டார்.

"இஷ்டத்துக்குன்னா அந்த மழையில வண்டிய எடுத்திருக்க மாட்டேன்," என்றாள் அவள். "பயந்துகிட்டே இருந்தப்ப என் சாபத்தத் தவிர எதுவும் கண்ணுல படல. பக்கத்து வீட்டுக்காரி மாசமா இருக்கதையே கவனிக்கல. இப்ப அவளும் தெரியுறா, நீங்களும் தெரியுதீக. இதுதாம்ணே எனக்குக் கெடச்ச விடுதலை."

பினு ஜெபத்தைத் தொடங்கினார். பின்வரிசையிலிருந்த ஒரு பெண் மெல்ல எழுந்து ஜிஸ்மியின் அருகே வந்தாள். இந்தக் கூட்டத்தின் பேச்சைக் கேட்டு சர்க்கரை மாத்திரையை நிறுத்தி வெகுநாளாயிற்று என்றாள். நாளைக்கு டாக்டரிடம் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டாள்.

"எதுக்கு நாளைக்கு," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள் ஜிஸ்மி.